போர் ஓய்ந்த பின் துவக்குகள்



புறநானூற்றின் 95 ஆம் பாட்டை நம்மிற் பலர் பாடசாலை நாட்களிலேயே படித்திருப்போம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் செல்கிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு திறந்து காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்ற வேல்கள் காவல் மிகுந்த மனையில் மினுங்குகின்றன. அவற்றைப் பார்த்த ஔவையார், தம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் இகழும் அந்த நயத்தை இலக்கண ஆசிரியர் இன்றும் மேற்கோள் காட்டுவர்.

ஆயுதத்துக்கு இரண்டு இருப்பிடங்களை அப்பாட்டு காட்டுகிறது. ஒன்று களஞ்சியம், மற்றது கொல்லன் பட்டறை. மூன்றாவதாகவும் ஓர் இருப்பிடம் உண்டு. அது தச்சன் பட்டறை. போர் ஓய்ந்து, படை கலைந்து, இனி வேண்டாம் என்று அரசுகள் கழித்துவிட்ட இராணுவத் துவக்குகள் இருபதாம் நூற்றாண்டில் தச்சரதும் கம்மியரதும் கையில் வேட்டைத் துவக்குகளாக மறுபிறவி எடுத்தன. அந்த மறுபிறவியின் வரலாறே இன்றைய உரையின் பொருள். போருக்குப் பின் ஆயுதங்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி நமக்கு அந்நியமானதன்று. ஆதலின் இவ்வரலாறு வெறும் தொழில்நுட்பக் கதையாக மட்டும் நின்றுவிடாது.

கதை தொடங்கும் இடம் ஜேர்மனியின் தென்மேற்கிலே நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஒபெர்ன்டோர்ப் என்னும் சிற்றூர். அங்குள்ள அரச ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் பதின்மூன்று பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாக 1838 இல் பிறந்தவர் பீற்றர் போல் மவுசர். அவரும் அண்ணன் வில்ஹெல்மும் சேர்ந்து வடிவமைத்த துவக்கை 1871 இல் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்டது. 1882 இல் அண்ணன் காலமானார். தம்பி விடாது திருத்தித் திருத்தி வளர்த்த வடிவம் 1898 இல் முழுமை பெற்றது. அதுவே புகழ்பெற்ற மவுசர் 98.

இதன் பெருமை அதன் பொறியிலே உள்ளது. பொறி என்று இங்கே சொல்வது குழலும் மரச்சோங்கும் நீங்கலாக நடுவிலுள்ள உருக்குக் கூட்டையும், அதனுள் ஓடும் தாழையும், விசையையும் சேர்த்துத்தான். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் தாழ் பின்னே வரும். தள்ளி மடக்கினால் முன்னே சென்று பூட்டிக்கொள்ளும். முன்பக்கத்தில் இரண்டு பூட்டுப் பற்களும், அவை தவறினாலும் காப்பதற்குப் பின்னே மூன்றாவது பல்லும் உண்டு. வெடியின் வாயு பின்னோக்கி வந்தால் சுடுபவரின் முகத்தில் அடியாமல் பக்கவாட்டில் வெளியேற வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாழின் பக்கத்தில் ஒரு நீண்ட உருக்கு நகம் உண்டு. தோட்டா அறையை விட்டு மேலே எழும் கணத்திலேயே அந்த நகம் தோட்டாவின் அடியைப் பற்றிக்கொள்ளும். வெற்றுக் கோது வெளியே வீசப்படும் வரை பிடி தளராது. போர்வீரனுக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான், பாய்ந்து வரும் விலங்கின் முன் நிற்கும் வேட்டைக்காரனுக்கும் பிற்காலத்தில் உயிர்க்காப்பாயிற்று.

மவுசரின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியவை இரண்டு போர்கள். முதலாவது 1898 இல் கியூபாவிலே நடந்தது. ஜூலை 1 ஆம் திகதி சன் யுவான் மேடுகளையும் எல் கனேயையும் காத்து நின்ற சிறிய ஸ்பானியப் படையின் கையில் 7 மில்லிமீற்றர் மவுசர்கள் இருந்தன. ஐந்து தோட்டாக்களை ஒரே அமுக்கில் உள்ளே தள்ளக்கூடிய துவக்கு அது. அமெரிக்கப் படையின் கிராக் துவக்கிலோ தோட்டாக்களை ஒவ்வொன்றாக இடவேண்டும். அன்றைய ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். அந்த மேட்டில் ஏறிச்சென்றோருள் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஒருவர்.

இரண்டாவது, 1899 இல் தென்னாபிரிக்காவில் மூண்ட போவர் யுத்தம். விவசாயிகளும் வேட்டைக்காரருமாயிருந்த போவர்கள் அதே 7 மில்லிமீற்றர் மவுசர்களால் பிரித்தானியப் பேரரசின் படைகளைத் திணறடித்தனர். சிறைபிடிக்கப்பட்ட போவர்கள் 1900 இல் கப்பல் கப்பலாக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுத் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களின் தொகை ஏறத்தாழ 5,000. மலைநாட்டின் குளிரிலே முட்கம்பிக்குள் இருந்த அந்த மனிதர்கள் விட்டுவந்த துவக்குகளைத்தான் பகைவர் வியந்து பயின்றுகொண்டிருந்தனர்.

பகைவனின் ஆயுதத்தைப் பயில்வது போரின் பழைய வழக்கம். அமெரிக்கா மவுசரை ஆராய்ந்து, தன் ஸ்பிரிங்ஃபீல்ட் அரச தொழிற்சாலையில் 1903 ஆம் ஆண்டு மாதிரி ரைபிளை உருவாக்கியது. மவுசரின் காப்புரிமைகள் அதில் கலந்திருந்தமையால், மவுசர் கம்பனிக்கு 2 இலட்சம் டொலர் உரிமைப்பணம் கட்ட நேர்ந்தது. பிரித்தானியாவிலும் இது போன்றதொரு விந்தை நிகழ்ந்தது. லண்டனின் பழம்பெரும் துவக்குக் கம்பனியான ஜோன் ரிக்பி, மவுசர் பொறிகளை வாங்கி வேட்டைத் துவக்குகள் செய்தது. போவர்கள் பயன்படுத்திய அதே 7 மில்லிமீற்றர் தோட்டா .275 ரிக்பி என ஆங்கிலப் பெயர் பெற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907 இல் கொன்ற ஜிம் கோர்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெட் பரிசளித்தது அத்தகைய ஒரு ரிக்பி மவுசரையே. அது கழித்த இராணுவத் துவக்கன்று. வேட்டைக்கென்றே புதிதாகச் செய்தது. ஆயினும் குலம் ஒன்றே.

இராணுவப் பொறியை வேட்டைத் துவக்காக்கும் மோகத்தை அமெரிக்காவில் வளர்த்தவர் ரூஸ்வெல்ட். கியூபாவில் மவுசரின் குண்டுகளுக்கு முன் நின்ற அதே மனிதர் ஜனாதிபதியானதும், புதிய ஸ்பிரிங்ஃபீல்ட் இராணுவ ரைபிள் ஒன்றைத் தம் தோளுக்கும் கண்ணுக்கும் ஏற்றவாறு சோங்கும் குறிகாட்டியும் அமைத்துத் தருமாறு அத்தொழிற்சாலையையே கேட்டுக்கொண்டார். பதவி முடிந்ததும் 1909 இல் அதையும் எடுத்துக்கொண்டு கிழக்காபிரிக்காவுக்குச் சென்றார். பயணம் பற்றி அவர் எழுதிய நூல் 1910 இல் வெளிவந்தது.

நூல் ஒன்று ஒரு மனிதனின் தொழிலையே மாற்றும் என்பதற்கு இங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூயோர்க்கில் சீமோர் கிரிபின் என்றொரு தளபாடத் தச்சர் இருந்தார். ரூஸ்வெல்ட்டின் நூலைப் படித்த அவர் ஒரு ஸ்பிரிங்ஃபீல்டை வாங்கி, அதன் இராணுவக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நல்ல வால்நட் மரத்தில் தாமே சோங்கு செதுக்கினார். கண்டவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றனர். மேசையும் அலுமாரியும் செய்த கை துவக்குக் கட்டை செதுக்கும் கையாயிற்று. 1923 இல், இராணுவ அதிகாரியும் எழுத்தாளருமான டவுன்சென்ட் வீலன் இவரை ஜேம்ஸ் ஹவ் என்ற உலோகக் கம்மியரோடு சேர்த்துவைத்தார். மரம் அறிந்தவரும் இரும்பு அறிந்தவரும் கூடியதில் கிரிபின் அன்ட் ஹவ் என்னும் கம்பனி பிறந்தது. ஹவ் விரைவிலேயே விலகிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்தது.

இந்தத் தொழிலின் நுட்பத்தைச் சற்று நோக்குவோம். இராணுவத் துவக்கு யாருக்கும் அளந்து செய்யப்படுவதில்லை. நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் ஒரே கட்டைதான். மழையிலும் சேற்றிலும் கிடப்பதற்கும், முனையில் கத்தி பூட்டிக் குத்துவதற்கும், சோங்கால் அடிப்பதற்கும் ஏற்ற முரட்டுக் கட்டை அது. வேட்டைத் துவக்குக்கோ தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் கையின் நீளமும் கழுத்தின் உயரமும் அளக்கப்படும். பொறியை மரத்தில் பதிப்பது பெரும் பொறுமை வேண்டும் வேலை. உருக்கில் மெல்லிய கரிமை பூசி மரத்தில் வைத்து எடுப்பார்கள். எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மீண்டும் மை, மீண்டும் வைத்தல், மீண்டும் சீவல். மரத்துக்கும் உருக்குக்கும் இடையே காகிதம் நுழைய இடமில்லாதபோதே அவ்வேலை முடியும். தொலைநோக்கி பொருத்த இடையூறாக நீட்டிக்கொண்டிருந்த தாழின் கைப்பிடி வளைத்துத் தாழ்த்தப்பட்டது. இராணுவக் குறிகாட்டிகள் நீங்கின. பல துவக்குகளுக்குக் குழலும் புதிதாயிற்று. கடைசியில் பழைய துவக்கில் எஞ்சியது பொறி ஒன்றே.

அந்தப் பொறியும் எல்லாம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் நெடுங்காலமாக, உலையில் உருக்கு எவ்வளவு சூடேறியது என்பதை அனுபவமிக்க தொழிலாளர் அதன் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே தீர்மானித்தனர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் சில பொறிகள் வெடித்துச் சிதறவே, வெப்பமானிகள் கொண்டு சோதித்தார்கள். வெயில் பிரகாசமான நாளில் உருக்கின் செம்மை கண்ணுக்கு மங்கித் தோன்றியது. ஆகவே அது வேண்டியதைவிட 300 பரனைட் பாகை வரை கூடுதலாகச் சூடேற்றப்பட்டது தெரியவந்தது. அப்படி வெந்து போன உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கும். 1918 இல் முறையை மாற்றினார்கள். 8 இலட்சத்துக்குக் குறைந்த தொடர் இலக்கமுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் பொறிகளை இன்றும் அறிந்தவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். மேகமூட்டமும் வெயிலும் ஒரு துவக்கின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கின்றன. ஆகவே நல்ல கம்மியர் மரத்தின் வரியைப் பார்க்குமுன் உருக்கில் வெட்டிய இலக்கத்தைப் பார்த்தனர்.

முதலாம் உலகப்போர் முடிந்ததும் தொழிற்சாலைகளே இந்த மாற்றத்தில் இறங்கின. வெர்சாய் உடன்படிக்கையால் ஆயுத உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்ட ஒபெர்ன்டோர்ப் ஆலை தையல் இயந்திரமும் கணக்கிடும் இயந்திரமும் அளவுகருவிகளும் செய்தது; வேட்டை ரைபிள்களும் செய்தது. அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பனி, போருக்காகச் செய்து எஞ்சிய 1917 ஆம் ஆண்டு மாதிரியின் உதிரிப்பாகங்களைக் கொண்டு 1921 இல் மாடல் 30 என்ற வேட்டைத் துவக்கைச் சந்தைக்கு விட்டது. பிரித்தானியாவில் பேர்மிங்ஹாம் நகரத்துப் பார்க்கர் ஹேல் கம்பனி இரண்டாம் உலகப்போருக்குப் பின் லீ என்ஃபீல்டுகளை இவ்வாறு மாற்றி விற்றது. நம் நாட்டுப் பொலிஸார் நெடுங்காலம் தோளில் தாங்கிய அதே .303 துவக்குதான் கனடாவிலே மான் வேட்டைக்காரனின் துணையாயிற்று.

இலக்கியமும் இந்தத் துவக்குகளை அறிந்திருந்தது. ஏர்னெஸ்ட் ஹெமிங்வே 1930 இல் கிரிபின் அன்ட் ஹவ் செய்த ஸ்பிரிங்ஃபீல்ட் ஒன்றை வாங்கி, 1933 இன் இறுதியில் தொடங்கிய ஆபிரிக்கப் பயணத்துக்கு எடுத்துச் சென்றார். 1936 இல் அவர் எழுதிய பிரான்சிஸ் மக்கோம்பர் பற்றிய சிறுகதையில் கணவன் கையில் இருப்பது ஸ்பிரிங்ஃபீல்ட். மனைவியிடம் காரில் விட்டுவந்தது மன்லிச்சர். அந்த மன்லிச்சரிலிருந்து வந்த குண்டு காட்டெருமைக்குக் குறிவைத்ததா, கணவனுக்குக் குறிவைத்ததா என்பதை விமர்சகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். வேட்டைக்கெனச் செய்த துவக்கும் எந்தக் கணத்திலும் மனிதனை நோக்கித் திரும்பலாம் என்பதை அக்கதை நமக்குச் சொல்லாமற் சொல்கிறது. 1941 முதல் அமெரிக்க வேட்டை இதழொன்றின் துவக்குப் பகுதியை நடத்திய ஜாக் ஓகொனரும் நாவலாசிரியரே. அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். நல்ல வால்நட் கட்டையின் அழகைச் சாமானிய வாசகனும் உணரும்படி எழுதியவர் அவர்.

1945 க்குப் பின் நிலைமை முற்றாக மாறியது. ஜேர்மன் படைக்காக 1935 முதல் 1945 வரை செய்யப்பட்ட கராபைனர் 98 கே மட்டும் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேல். அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய துவக்குகளை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுவந்தனர். உலகப் படைகள் தானியங்கித் துவக்குகளுக்கு மாறியதும் பழைய துவக்குகள் குப்பைபோல் குவிந்தன. மத்திய உளவுத் துறையில் முன்பு பணியாற்றிய சாமுவேல் கமிங்ஸ் 1953 இல் இன்டர்ஆம்கோ என்ற கம்பனியைத் தொடங்கி அவற்றை நாடு நாடாக வாங்கி, வேர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரத்துப் பண்டகசாலைகளில் இலட்சக்கணக்கில் அடுக்கினார். சஞ்சிகை விளம்பரத்தைக் கத்தரித்துச் சில டொலர்களோடு தபாலில் அனுப்பினால் துவக்கு வீடு தேடி வந்தது. வாரவிடுமுறையில் வீட்டுக் கொட்டகையில் அரமும் அரியும் எடுத்துச் சோங்கு செதுக்குவது தொழிலாளிக் குடும்பத்து ஆண்களின் பொழுதுபோக்காயிற்று. செல்வந்தர் மட்டும் வைத்திருந்த அளவெடுத்த துவக்கை ஏழையும் தன் கையால் ஆக்கிக்கொண்டான். இதில் ஒரு மேன்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே விளம்பரத்தை வேறொருவனும் கத்தரித்தான்.

1958 இல் மசசூசெட்ஸ் மாநிலத்துச் செனட்டர் ஒருவர் வெளிநாட்டு இராணுவக் கழிவுத் துவக்குகளின் இறக்குமதியைத் தடுக்கச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். மலிவான துவக்குகள் தம் பகுதித் துவக்குத் தொழிற்சாலைகளை நலிவுறச் செய்கின்றன என்பதே அதன் பின்னணி. மூலம் முழுமையாக நிறைவேறவில்லை. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்ற இளைஞன் பொய்ப் பெயரில் சிக்காகோவிலுள்ள ஒரு கடைக்குத் தபாலில் பணம் அனுப்பி, தொலைநோக்கி பூட்டிய இத்தாலிய இராணுவக் கழிவுத் துவக்கு ஒன்றைப் பெற்றான். விலை 19 டொலர் 95 சதம். தபாற் செலவோடு 21 டொலர் 45 சதம். நவம்பர் 22 ஆம் திகதி டலஸ் நகரத்தில் அத்துவக்குக்குப் பலியானவர் அந்தப் பழைய செனட்டரே. அப்போது அவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடி.

மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேர்ட் கென்னடியும் 1968 இல் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தபாலில் மாநிலம் கடந்து துவக்கு விற்பது தடைப்பட்டது. இராணுவக் கழிவுத் துவக்குகளின் இறக்குமதியும் நின்றது. 1984 இல் அரும்பொருள் என்ற வகையில் பழையவற்றுக்கு மீண்டும் வழி திறந்தபோது, உலகம் மாறிப்போயிருந்தது. ரெமிங்டன் 1948 இலேயே மலிவாகச் செய்யத்தக்க நல்ல வேட்டை ரைபிளைக் கொண்டுவந்துவிட்டது. செதுக்கி மினக்கெட வேண்டிய தேவை பலருக்கு இல்லாமற் போயிற்று. வின்செஸ்டர் கம்பனி செலவைக் குறைக்க 1964 இல் தன் மாடல் 70 துவக்கிலிருந்து அந்த மவுசர் நகத்தை நீக்கியபோது மட்டும் வேட்டைக்காரர் வெகுண்டனர். 1964 க்கு முற்பட்டது என்பதே அத்துவக்குக்கு ஒரு பட்டப்பெயராயிற்று. பல ஆண்டுகளின் பின் கம்பனி அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

இன்று நிலைமை இன்னொரு திசையில் திரும்பியிருக்கிறது. எந்தக் கையும் படாமல், எல்லா இலக்கங்களும் ஒத்திருக்கும் பழைய இராணுவத் துவக்குக்கே சேகரிப்போரிடம் பெருமதிப்பு. வீட்டுக் கொட்டகையில் யாரோ ஆசையோடு வெட்டித் திருத்திய துவக்கைச் சரித்திரத்தைச் சிதைத்த வேலை என்று கைவிடுகிறார்கள். தேர்ந்த கம்மியர் செய்தவை மட்டும் மதிப்பிழக்கவில்லை. மாலையும் பீலியும் இல்லாவிடினும், எண்ணெய் பூசிக் கண்ணாடிப் பேழையில் மினுங்கும் அந்தத் துவக்குகள் தொண்டைமானின் கொட்டிலைத்தான் நினைவூட்டுகின்றன.

இந்த வரலாற்றை நாம் எப்படி மதிப்பிடுவது? தச்சன் மாற்றக்கூடியவற்றை மாற்றினான். முரட்டுக் கட்டையை அழகாக்கினான். பகைவனின் இலச்சினையை அராவித் துடைத்தான். போர்வீரனின் கைக்குச் செய்ததை உழைப்பாளியின் கைக்கு ஏற்றதாக்கினான். அவனுடைய உழைப்பு நேர்மையானது. ஆனால் நடுவிலிருந்த பொறியை அவன் மாற்றவில்லை. மாற்றும் தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. மானைக் குறிவைத்தபோதும் மனிதனைக் குறிவைத்தபோதும் அது ஒரே நேர்த்தியோடுதான் இயங்கியது. ஆகவே போர் ஓய்ந்த பின் ஆயுதங்களை என்ன செய்வது என்ற பொறுப்பைத் தச்சனிடமோ வணிகனிடமோ மட்டும் விட்டுவிட முடியாது. அது சமூகம் முழுவதற்கும் உரிய கடமை. அமெரிக்கா அதனைச் சட்டமாக எழுதியபோது 1968 ஆகிவிட்டிருந்தது. அதற்குள் ஒரு ஜனாதிபதியின் உயிரும் போயிருந்தது.

ஜிம் கோர்பெட்டின் கதையோடு இவ்வுரையை நிறைவுசெய்யலாம். ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிக் காடு காடாக அலைந்த அவர், பிற்காலத்தில் துவக்கைவிடப் படப்பிடிப்புக் கருவியையே விரும்பிச் சுமந்தார். புலிகளைக் காக்கவேண்டும் என்று பேசினார், எழுதினார். 1955 இல் கென்யாவில் காலமானார். 1907 இல் பரிசாகப் பெற்ற அந்த .275 ரிக்பி மவுசர் எந்த வேட்டைக்காரனிடமும் செல்லவில்லை. அவருடைய நூல்களை வெளியிட்ட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தாரின் வசம் சென்றது. அதைச் செய்த ரிக்பி கம்பனி 2015 இல் மீளப் பெற்றுக்கொள்வதற்கு முன், பல காலம் அது புத்தகம் பதிப்போரின் பாதுகாப்பிலேயே இருந்தது.